பால் கணக்கும் முட்டைக் கணக்கும்: வீட்டில் எழுதுவது எப்படி, வேறு ஊரோடு ஒப்பிடுவது எப்படி

"பாலுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது?" என்று யாரிடம் கேட்டாலும் சட்டென்று ஒரு தொகை சொல்லிவிடுவார்கள். முட்டைக்கு எவ்வளவு என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். "அது அதிகமா, குறைவா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் பேச்சு நின்றுவிடும். எதோடு வைத்துப் பார்ப்பது? எதிர்வீட்டோடா, கிராமத்தில் இருக்கும் அண்ணன் வீட்டோடா, ஹரியானாவில் மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தோடா?

அந்த ஒப்பீட்டை முதன்முதலாகச் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோட்டும் பேனாவும் கூட்டிப் பெருக்கத் தெரிந்த கையும் இருந்தால் போதும். வேறு மாநிலத்து எண்களுக்கு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இருக்கிறது. கடைசி இரண்டு சுற்றுகள் 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரையும், 2023 ஆகஸ்டு முதல் 2024 ஜூலை வரையும் நடந்தன. ஒவ்வொரு சுற்றிலும் நாடு முழுக்க 2,61,000-க்கு மேற்பட்ட வீடுகளில் போய்க் கேட்டிருக்கிறார்கள். அறிக்கைகள் அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

நான் முதல் தடவை ஒப்பிட்டபோது, எங்கள் வீட்டின் மொத்தச் செலவை அரசு அட்டவணையின் தலைக்கணக்கோடு, அதாவது ஒரு ஆளுக்கு என்று போட்ட எண்ணோடு, வைத்துப் பார்த்து, நாங்கள்தான் தண்ணீராய்ச் செலவழிக்கிறோம் என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். அந்தக் கவலை உங்களுக்கு வரக்கூடாது. அதனால் வரிசையாகவே போவோம்.

தலை எண்ணிக்கை

முதல் பக்கத்தில் மாதத்தின் பெயரையும், அந்த மாதம் உங்கள் அடுப்பில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகனைச் சேர்க்க வேண்டாம், அவன் சாப்பாட்டுக் கணக்கு அங்கே ஓடுகிறது. உங்களோடு இருக்கும் பாட்டி உண்டு. கைக்குழந்தையும் ஒரு தலைதான். ஆறு மாதக் குழந்தையையும் அறுபது வயதுக்காரரையும் ஒரே மாதிரி எண்ணுவது சரியா என்று தோன்றும். ஆனால் அரசு அட்டவணையில் தலைக்கு என்று போடும் எண் அப்படித்தான் வருகிறது, ஒப்பிட வேண்டுமானால் நாமும் அதே வழியில் போக வேண்டும். சிறு குழந்தைகள் அதிகமுள்ள வீடு என்றால் ஓரத்தில் குறித்து வையுங்கள், பிறகு பயன்படும்.

பாலுக்கு முப்பது நாள்

பால் தினமும் ஒரே அளவில் வரும் பொருள். அதனால் ஒரு மாதம் முழுக்க எழுதலாம். அரசுக் கணக்கெடுப்பிலும் பாலுக்குக் கடந்த 30 நாளைத்தான் கேட்கிறார்கள்.

பால்காரர் ஊற்றும் வீட்டில் சமையலறைக் காலண்டரே போதும். தேதிக் கட்டத்துக்குள் அன்று வாங்கிய அளவு, ஊற்றாத நாளில் ஒரு பெருக்கல் குறி. எங்கள் அம்மா அப்படித்தான் எழுதுவார். விருந்தாளி வந்து கூடுதலாக வாங்கிய நாளில் எண்ணைச் சுற்றி வட்டம் போடுவார். மாதக் கடைசியில் பால்காரர் சொல்லும் கணக்கும் காலண்டர் கணக்கும் இடித்தால் அந்த வட்டங்கள்தான் சாட்சி.

பாக்கெட் வாங்கும் வீடு என்றால் மூன்றை எழுதுங்கள்: எத்தனை பாக்கெட், என்ன நிறம், கையை விட்டுப் போன காசு. நிறத்தை ஏன் எழுத வேண்டும்? ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6 சதவீதம். பெயர் ஒன்றுதான், பொருள் வேறு. பச்சை பாக்கெட்டில் 4.5 சதவீதம் இருந்தது. 2023 கடைசியில் ஊதா பாக்கெட் 3.5 சதவீதக் கொழுப்போடு பச்சையின் அதே லிட்டர் 44 ரூபாய் விலைக்கு வந்தது. நிறம் எழுதாத கணக்கில் அந்த மாற்றம் கண்ணில் படவே படாது. செலவு கூடவில்லை, ஆனால் உறை ஊற்றிய தயிரில் ஏடு குறைந்தது.

கையை விட்டுப் போன காசு என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் தெருக் கடையில் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள், கேட்டால் ஃப்ரிட்ஜ் கரண்டு என்பார்கள். உறை மேல் அச்சடித்த விலையை எழுதினால் மாதம் அறுபது ரூபாய் கணக்கிலிருந்து காணாமல் போகும். ஆவின் மாதாந்திர பால் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது தலைகீழ். 2022 நவம்பரில் ஆரஞ்சு பாலின் கடை விலை லிட்டருக்கு 48-லிருந்து 60 ரூபாய்க்கு ஏறியபோது கார்டு விலை 46 ரூபாயிலேயே நின்றது. ஒரே மாடிக் குடியிருப்பில், ஒரே நிற பாக்கெட்டுக்கு, இரண்டு வீட்டுக்கும் லிட்டருக்கு 14 ரூபாய் வித்தியாசம்.

அப்புறம் தயிர். வாங்கிய பாலில் உறை ஊற்றிய தயிரைத் தனியாக எழுதாதீர்கள், அது ஏற்கெனவே பாலில் வந்துவிட்டது. கடையில் பாக்கெட்டாக வாங்கிய தயிர், மோர், வெண்ணெய், பனீர், குழந்தைக்கான பால் மாவு எல்லாம் பால் பக்கத்தில் வரும். நெய்யும் அங்கேதான். பலர் அதை எண்ணெயோடு சேர்த்துவிடுகிறார்கள், அரசு அட்டவணையில் நெய் பால் பொருள். இனிப்புக் கடையில் வாங்கிய பால்கோவா இங்கே வராது, அது பலகாரக் கணக்கு.

முட்டைக்கு ஏழு நாள்

முட்டைக்கு ஒரு மாதம் ஞாபகம் தாங்காது. பிள்ளைக்குப் பசித்தால் ஒரு ஆம்லெட், குழம்பு சரியில்லை என்றால் இரண்டு பொரியல் என்று போய்க்கொண்டே இருக்கும். அரசுக் கணக்கெடுப்பிலும் முட்டை, மீன், இறைச்சிக்குக் கடந்த 7 நாளைத்தான் கேட்கிறார்கள்.

சுலபமான வழி இது. ஒரு தட்டு, அதாவது முப்பது முட்டை, வாங்கி வையுங்கள். தட்டு ஓரத்தில் தேதி எழுதுங்கள். ஏழாம் நாள் ராத்திரி காலிக் குழிகளை எண்ணுங்கள். வழியில் உடைந்ததையும் சேர்த்தே எண்ணுங்கள், அதற்கும் காசு கொடுத்திருக்கிறோம். தட்டாக வாங்கும் விலை ஒன்று, சில்லறையாக வாங்கும் விலை ஒன்று. நாட்டுக்கோழி முட்டைக்குத் தனி வரி போடுங்கள், அதன் விலை வேறு உலகம்.

ஏழு நாளை மாதமாக்கும்போது நான்கால் பெருக்காதீர்கள். நான்கு வாரம் என்பது 28 நாள்தான், இரண்டு நாள் விட்டுப்போகும். 30-ஆல் பெருக்கி 7-ஆல் வகுங்கள். 12 முட்டை என்றால் மாதத்துக்கு 51.

இனி இலவச முட்டை. எங்கள் பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை உண்டு. இருவருக்கும் சேர்த்து வாரம் பத்து. வீட்டில் நாங்கள் வாங்குவது பன்னிரண்டு. ஆக எங்கள் குடும்பம் வாரத்துக்கு 22 முட்டை சாப்பிடுகிறது, செலவோ 12 முட்டைக்கு. மே மாத விடுமுறையில் பள்ளி முட்டை நின்றதும் வீட்டுத் தட்டு நான்கு நாள் முன்னதாகவே காலியாகிறது. அதனால் நோட்டில் "வாங்கியது", "இலவசமாக வந்தது" என்று இரண்டு கட்டம் போடுங்கள். தமிழ்நாட்டு வீட்டை வேறு மாநிலத்து வீட்டோடு ஒப்பிடும்போது இந்த இரண்டாம் கட்டம் இல்லாவிட்டால், நம் பிள்ளைகள் முட்டையே சாப்பிடாத மாதிரி தெரியும்.

வீட்டு மாடும் வீட்டுக் கோழியும்

ஊரில் அம்மாச்சி வீட்டில் மாடு இருந்தது. விடிகாலையில் கறந்து முடித்ததும், பால் கேன் சொசைட்டிக்குப் போகும் முன்னால், ஒரு பித்தளைச் சொம்பில் வீட்டுக்கென்று மொண்டு வைப்பார். அந்தச் சொம்பு பாலுக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. "பாலுக்கு என்னம்மா செலவு?" என்று கேட்டால், "வீட்டுப் பாலுக்கு என்ன செலவு, தவிடும் புண்ணாக்கும்தான்" என்பார்.

கணக்கில் அதைச் சுழி என்று எழுதினால், பால் நிறையக் குடிக்கும் குடும்பம் பாலே வாங்காத குடும்பமாகத் தெரியும். கணக்கெடுப்பு இதற்கு ஒரு நேர்மையான வழி வைத்திருக்கிறது. வீட்டில் விளைந்ததை, அதை விற்றிருந்தால் உற்பத்தி செய்த இடத்தில் என்ன விலை கிடைத்திருக்குமோ அந்த விலைக்குப் போடுவது. சொசைட்டியில் கொழுப்பும் இதர சத்தும் பார்த்து லிட்டருக்கு என்ன போட்டார்கள் என்பது பால் அட்டையிலேயே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு எடுத்த லிட்டரால் பெருக்குங்கள். கோழி வீட்டில் இருந்தால், அக்கம்பக்கத்தில் நீங்கள் விற்கும் விலையைப் போடுங்கள்.

தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் செலவை இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள். அது மாட்டுக் கணக்கு, தொழில் கணக்கு. இரண்டையும் சேர்த்தால் ஒரே பாலுக்கு இரண்டு தடவை காசு எழுதியதாகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்குக் கொடுத்த கொள்முதல் விலை லிட்டருக்கு 35 ரூபாய். அதே சமயம் நகரத்தில் நீல பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். அம்மாச்சியின் ஒரு லிட்டர் நோட்டில் 35 ஆக ஏறும், கொழுப்பு எடுத்த என் ஒரு லிட்டர் 40 ஆக ஏறும். கெட்டியான பால் குடித்தவர் குறைவாகச் செலவழித்ததாகக் காகிதம் சொல்லும். கிராமத்துச் செலவு குறைவு என்று எங்கே படித்தாலும் எனக்கு அந்தப் பித்தளைச் சொம்புதான் நினைவுக்கு வருகிறது.

டீக்கடைப் பக்கம்

பெரும்பாலான வீட்டுக் கணக்குகள் சறுக்கும் இடம் இதுதான். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இன்னும் அதிகம்.

வீட்டில் போடும் டீயின் பால், பால் பக்கத்தில் இருக்கிறது. டீக்கடையில் குடிக்கும் டீயின் பால் எங்கே? அரசு அட்டவணையில் அது "பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு" என்ற வேறு தலைப்புக்குப் போய்விடுகிறது. ஹோட்டலில் சாப்பிடும் கலக்கி, ஆஃப்பாயில், முட்டை பரோட்டா எல்லாமும் அங்கேதான். பால், முட்டை என்ற தலைப்புகளில் வருவது வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்த பாலும் முட்டையும் மட்டுமே.

எங்கள் தெரு முனை டீக்கடைக்காரரிடம் ஒரு நாள் கேட்டேன். ஒரு லிட்டர் பாலில் ஏறக்குறைய பதினைந்து டீ போடுவதாகச் சொன்னார். வேலைக்குப் போகும் ஒருவர் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று குடித்தால் மாதம் 60 டீ. அதாவது 4 லிட்டர் பால். இது சின்ன அளவா? 2011-12 கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு தலைக்கு மாதம் வீட்டில் செலவான பால் 5.42 லிட்டர், கிராமங்களில் 4.33 லிட்டர். கிராமத்தில் ஒருவருக்கு வீட்டில் கிடைத்த பால் அளவுக்குக் கிட்டத்தட்ட ஒருவர் டீக்கடையிலேயே குடித்துவிடுகிறார்! டீ 15 ரூபாய் என்றால் மாதம் 900 ரூபாய். வீட்டில் அதே ஆளின் பங்குக்கு வரும் பால் செலவைவிட அது இரண்டு மடங்குக்கு மேல் இருக்கலாம்.

தமிழ்நாட்டின் நகரங்களில் 2022-23-இல் உணவுச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தப் பானங்கள், பதப்படுத்திய உணவு என்ற தலைப்பில்தான் போயிருக்கிறது. டீக்கடையும் மெஸ்ஸும் பரோட்டாக் கடையும் நம் ஊர் வாழ்க்கையில் எவ்வளவு கலந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பால் தலைப்பை மட்டும் பார்த்து "தமிழர்கள் பால் குடிப்பதில்லை" என்று எழுதுபவர்கள் இந்தத் தலைப்பைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அதனால் நோட்டில் மூன்றாம் பக்கம் ஒன்று திறந்து "வெளியே" என்று எழுதுங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வாரம் வெளியே குடித்த டீ, காபி, சாப்பிட்ட முட்டை அயிட்டங்களைச் சொல்ல வேண்டும். கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள். இதை வீட்டுப் பாலோடு கூட்டாதீர்கள், தனியாகவே இருக்கட்டும். ஒப்பிடும்போது அரசு அட்டவணையோடு பொருந்துவது முதல் இரண்டு பக்கமும்தான். உண்மையில் வயிற்றுக்குள் போனது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் மூன்றாம் பக்கமும் வேண்டும்.

ஒரு மாதப் பக்கத்தைப் போட்டுப் பார்ப்போம்

எங்கள் வீட்டின் 2024 ஜூன் பக்கம் இது. நான்கு பேர். தினமும் இரண்டு அரை லிட்டர் நீல பாக்கெட், கடைக்காரரின் கூடுதல் ரூபாயோடு 21 ரூபாய். 60 பாக்கெட். உறவினர் வந்த இரண்டு நாளில் கூடுதலாக 4. ஆக 64 பாக்கெட், 1,344 ரூபாய். தயிர் பாக்கெட் 90, நெய் 170. மொத்தம் 1,604. நான்கால் வகுத்தால் தலைக்கு 401 ரூபாய். முட்டை வாரம் 12, ஒன்று 6 ரூபாய், 72 ரூபாய். முப்பதால் பெருக்கி ஏழால் வகுத்தால் மாதம் 309, தலைக்கு 77 ரூபாய்.

இனி அரசு எண். 2023-24-இல் இந்திய நகரங்களில் ஒரு தலைக்கு மாதச் செலவு சராசரி 6,996 ரூபாய், அதில் பாலும் பால் பொருளும் 7.19 சதவீதம். ஏறக்குறைய 503 ரூபாய். கிராமங்களில் 4,122 ரூபாயில் 8.44 சதவீதம், ஏறக்குறைய 348 ரூபாய். இலவசமாகக் கிடைத்த பொருட்களுக்கு மதிப்புப் போட்டுச் சேர்க்காத எண்கள் இவை. சேர்த்த எண்கள் தனியாக உண்டு, இரண்டையும் கலக்காதீர்கள்.

எங்கள் 401, நகரச் சராசரி 503-ஐவிட நூறு ரூபாய் குறைவு. பால் குறைவாகக் குடிக்கிறோம் என்று அர்த்தமா? 64 அரை லிட்டர் என்றால் 32 லிட்டர், தலைக்கு 8 லிட்டர். பழைய கணக்கெடுப்பின் 5.42 லிட்டரோடு வைத்துப் பார்த்தால் நாங்கள் நிறையவே குடிக்கிறோம். ஆனால் எங்களுக்கு ஒரு லிட்டர் 42 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நெய்யும் பனீரும் குறைவு. செலவு என்பது விலையும் அளவும் பெருக்கி வந்த தொகை. இரண்டில் எது கூடியது, எது குறைந்தது என்று பிரித்துப் பார்க்காமல் இரண்டு ஊரின் ரூபாயை அருகருகே வைப்பதால் ஒரு பயனும் இல்லை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

வேறு மாநிலத்து எண்ணைப் படிக்கும்போது

செய்திகளில் இரண்டு விதமான சதவீதம் உலவுகிறது. மேலே சொன்ன 8.44, 7.19 எல்லாம் மொத்தச் செலவில் பாலின் பங்கு. "ஹரியானா கிராமங்களில் 41 சதவீதத்துக்கும் மேல் பாலுக்கே போகிறது" என்று படித்திருப்பீர்கள், அது 2022-23-இல் உணவுச் செலவில் பாலின் பங்கு. எந்த நூற்றில் இத்தனை என்று பார்க்காமல் 41-ஐ 8-ஓடு ஒப்பிட்டால் ஹரியானாக்காரர்கள் ஐந்து மடங்கு செலவழிப்பதாகத் தோன்றும். சரியாக ஒப்பிட, அகில இந்திய எண்ணையும் உணவுச் செலவில் போட்டுக்கொள்ளுங்கள். 2022-23-இல் கிராமங்களில் மொத்தச் செலவில் உணவு 46.38 சதவீதம், பால் 8.33 சதவீதம். 8.33-ஐ 46.38-ஆல் வகுத்தால், உணவுக்குப் போகும் நூறு ரூபாயில் 18 ரூபாய் பாலுக்கு. நகரத்துக்கும் (7.22-ஐ 39.17-ஆல் வகுத்தால்) 18 ரூபாய்தான் வருகிறது. ரூபாயில் கிராமமும் நகரமும் இவ்வளவு தள்ளி இருந்தும், சாப்பாட்டு ரூபாயில் பாலின் பங்கு ஒன்றாகவே நிற்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஆக 18-ஐ 41-ஓடு ஒப்பிட வேண்டும். அதுவும் பெரிய இடைவெளிதான். காரணம் தேடினால் வீட்டு வாசலிலேயே எருமை நிற்கிறது. ஹரியானாவிலும் பஞ்சாபிலும் ஒரு தலைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பால் உற்பத்தியாகிறது, நாட்டின் சராசரி 2023-24-இல் 471 கிராம். சைவம் சாப்பிடுபவர்கள் அங்கே அதிகம். நம் ஊரில் மீனும் முட்டையும் பருப்பும் பகிர்ந்துகொள்ளும் இடத்தை அங்கே பாலும் லஸ்ஸியும் நெய்யும் பிடித்திருக்கின்றன.

முட்டைக்கு வரும்போது வேறொரு சிக்கல். சுருக்க அறிக்கையில் முட்டை தனியாக இருக்காது. "முட்டை, மீன், இறைச்சி" என்று ஒரே தலைப்பு. கேரளக் கிராமங்களில் 2022-23-இல் உணவுச் செலவில் இந்தத் தலைப்புக்கு 23.5 சதவீதம் என்று பார்த்துவிட்டு, மலையாளிகள் முட்டையாகச் சாப்பிடுகிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். அது பெரும்பாலும் மீன். முட்டை மட்டும் வேண்டுமென்றால் விரிவான அட்டவணைகளில் பொருள்வாரியாக எண்ணிக்கையும் மதிப்பும் கொடுத்திருக்கும் பகுதிக்குப் போக வேண்டும். முட்டையின் பங்கு எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு அளவுகோல்: 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில், மொத்த எடை 100 என்றால், பாலுக்கு 6.61, இறைச்சிக்கும் மீனுக்கும் 3.61, முட்டைக்கு வெறும் 0.43. எங்கள் தலைக்கு 77 ரூபாயை 2023-24 நகரச் சராசரியான ஏறக்குறைய 249 ரூபாயோடு ஒப்பிட முடியாது, அந்த 249-க்குள் மீனும் கோழியும் ஆடும் இருக்கின்றன. ஒப்பிட வேண்டுமானால் நம் மீன், கறிச் செலவையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

உற்பத்தி எண்ணைச் செலவு எண்ணாக எடுத்துக்கொள்வதும் கூடாது. முட்டை உற்பத்தியில் ஆந்திரம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம், 2023-24-இல் நாட்டின் முட்டையில் நம் பங்கு 15.64 சதவீதம். ஆனால் நாமக்கல்லில் லாரி ஏறும் முட்டை கேரளத்துக்கும் வெளிநாட்டுக்கும் கூடப் போகிறது. கோழிப்பண்ணை உள்ள ஊர்க்காரர் தட்டில் அதிக முட்டை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பால்மா வாங்கும் வீடுகள்

இலங்கையில் இருக்கும் உறவினரோடு ஒப்பிடப் போகிறீர்களா? அங்கே பல வீடுகளில் பால் என்றால் பால்மா, அதாவது பால் பவுடர். 400 கிராம் பால்மாவில், எட்டில் ஒரு பங்கு மாவு என்று வைத்துக் கரைத்தால், ஏறக்குறைய 3.2 லிட்டர் பால் வரும். முதலில் அந்த மாற்றத்தைச் செய்யுங்கள், பிறகு லிட்டருக்கு என்ன விலை விழுகிறது என்று பாருங்கள். ரூபாய்க்கு ரூபாய் ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு நாணயம். உணவுச் செலவில் எத்தனை பங்கு என்று பார்ப்பதே பாதுகாப்பு. 2021, 2022 ஆண்டுகளின் எண்களை எடுப்பதானால் அப்போது பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலம் என்பதை மறக்காதீர்கள். கிடைக்காததால் குறைந்த செலவு அது. 2023-இல் முட்டையை இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யும் நிலைக்கும் இலங்கை வந்தது. அந்த ஆண்டுகளைச் சாதாரண ஆண்டாக எடுத்துக்கொள்வது அந்த வீடுகளுக்குச் செய்யும் அநியாயம்.

எந்த மாதத்தில் எழுதுவது

ஒரு மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுச் செலவு என்று சொல்லத் தோன்றும். பாலுக்கு ஓரளவு பரவாயில்லை. முட்டைக்கு ஒத்துவராது. புரட்டாசியில் பல வீடுகளில் முட்டையே நுழையாது, கேட்பு குறைந்து விலையும் இறங்கும். கார்த்திகையில் மாலை போடுபவர்கள் இருக்கும் வீட்டில் மறுபடியும் நின்றுபோகும். அதே சமயம் வடக்கே குளிர் தொடங்கி அங்கிருந்து கேட்பு ஏறும், நாமக்கல் விலையும் சேர்ந்து ஏறும். பண்ணை விலையை தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது, நாளிதழிலேயே வரும். நோட்டின் ஓரத்தில் அதைக் குறித்து வைத்தால், விலை ஏறியதால் செலவு ஏறியதா, பிள்ளைகள் அதிகம் சாப்பிட்டதால் ஏறியதா என்று பிறகு தெரியும். அரசுக் கணக்கெடுப்பு ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஜூலை வரை ஓடுவதும் இப்படிப்பட்ட ஏற்ற இறக்கங்கள் எல்லாம் உள்ளே வர வேண்டும் என்பதற்காகத்தான்.

பன்னிரண்டு மாதமும் எழுத முடியாதவர்கள் நான்கு மாதம் எழுதுங்கள். சித்திரையில் ஒன்று, பள்ளி திறந்த பிறகு ஆனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று. நான்கையும் கூட்டி மூன்றால் பெருக்குங்கள். முதல் பக்கத்தை இன்றைக்கே தொடங்கலாம். ஃப்ரிட்ஜைத் திறந்து தட்டில் எத்தனை முட்டை மிச்சம் இருக்கிறது என்று எண்ணி, ஓரத்தில் தேதியைப் போடுங்கள்.